ஒரு நூல்

புது இழைப்பு எந்திரம் வந்து இறங்கிய அன்றைக்கே கிரேன்காரர் கேட்டுவிட்டார். "பழசையும் இப்பவே ஏத்திரட்டுமாண்ணே? காயலான் கடை போற வழியிலதான் இருக்கு, தனி வாடகை வேணாம்." அவர் கேட்டதில் தப்பில்லை. கொட்டகையின் நடுவில் அது அடைத்துக்கொண்டிருந்த இடம் எல்லோர் கண்ணையும் உறுத்தியது. "இருக்கட்டும், பாப்போம்" என்றேன். அடியில் இரும்புக் குழாய்களை உருட்டக் கொடுத்து, நாலுபேர் கடப்பாரை போட்டு நெம்பி, வடக்குச் சுவரோரம் கொண்டுபோய் நிறுத்தினோம். நாற்பது வருஷம் அது நின்ற இடத்தில் தரை வேறு நிறமாக இருந்தது. அந்தப் 'பாப்போம்' எட்டு மாதமாக நீண்டுகொண்டிருக்கிறது.

எங்கள் பட்டறை காரைக்குடியை ஒட்டி இருக்கிறது. நிலை, கதவு, ஜன்னல்தான் பிரதான வேலை. பழைய எந்திரம் ஐந்தடி நீளம், ஓரடி அகலம். முன்னும் பின்னும் இரண்டு டேபிள், நடுவே ஒரு வாய், வாய்க்குள் சுழலும் ஓர் உருளை, உருளையில் எதிரெதிராக இரண்டு பிளேடு. மரத்தை முன் டேபிளில் வைத்துக் கையால் அழுத்தித் தள்ளினால் அதன் அடிப்பக்கத்தைச் சீவிப் பின் டேபிளுக்கு அனுப்பும். மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று. மோட்டாரில் எட்டு அங்குலப் புல்லி, கட்டரில் மூன்று அங்குலம். ஆகவே கட்டர் 3,840 சுற்று சுற்றும். இரண்டு பிளேடு என்பதால் நொடிக்கு 128 வெட்டு. ஓரடி மரத்தை நாலு நொடியில் தள்ளினால் அதில் ஐந்நூற்றுச் சொச்சம் வெட்டு விழும். இழைத்த பலகையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் அந்த வெட்டுகள் மெல்லிய அலையாகத் தெரியும். அலை எங்கே அகன்று எங்கே நெருங்கியிருக்கிறது என்று பார்த்தே, தள்ளியவன் எந்த இடத்தில் அவசரப்பட்டான் என்று அப்பா சொல்லிவிடுவார்.

அப்பா இதை 1983இல் மதுரையில் ஒரு பட்டறை மூடப்பட்டபோது வாங்கினார். அப்போதே அது புதிதில்லை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அப்பிய சந்தனமும் அதன்மேல் ஏறிய எண்ணெயும் தூசுமாக இறுகிப்போயிருந்த ஒரு பக்கத்தை, சுவரோரம் நகர்த்திய பிறகுதான் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தேன். வார்ப்பிலேயே எழுந்து நின்ற எழுத்துகள் தெரிந்தன. பட்டாலா. பஞ்சாபில் குர்தாஸ்பூர் மாவட்டத்து ஊர்; வார்ப்படத்துக்கும் எந்திரத்துக்கும் பேர்போனது. அந்த ஊரில் சி. எம். லத்தீஃப் என்பவர் 1932இல் பட்டாலா எஞ்சினியரிங் கம்பெனியைத் தொடங்கினார். 1947இல் நாடு பிரிந்தபோது தொழிற்சாலையை அப்படியே விட்டுவிட்டு லாகூர் போய், அங்கே அதே பெயரில் மறுபடியும் தொடங்கினார். 1972இல் அதையும் பாகிஸ்தான் அரசு எடுத்துக்கொண்டது. எங்கள் எந்திரத்துக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் அந்த எழுத்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் நினைவுதான் வந்தது. எந்திரங்கள் எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றுவிட, அவற்றை ஆக்கத் தெரிந்த பழக்கம் மட்டும் ஆளோடு அந்தப் பக்கம் போயிருக்கிறது.

இதைப்போல வார்ப்பிரும்பு எந்திரத்தை வார்த்த உடனே கடைந்து முடிக்கமாட்டார்கள். உள்ளே இறுக்கம் இருக்கும், பிறகு முறுக்கிக்கொள்ளும். மரத்தைக் காயப்போடுவதுபோல வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் போட்டுவைத்து, அது ஆடவேண்டிய ஆட்டமெல்லாம் ஆடி அடங்கியபிறகு மட்டம் பிடிப்பதுதான் பழைய முறை. அந்த இரும்புக்குள் கரி தகடுதகடாகப் படிந்திருக்கும். அதிர்வை அதுவே வாங்கிக்கொள்ளும். ஓடும்போது டேபிள்மேல் கையை வைத்தால் உறுமல் மட்டும் எட்டும், நடுக்கம் எட்டாது. புதியதன் தகரப் பெட்டிக்குள் அந்த அடக்கம் இல்லை என்று முதல் நாளே தெரிந்தது.

ஆனால் புதியதைக் குறைசொல்லி இதை எழுதவில்லை. அது நல்ல எந்திரம். அதன் கட்டரில் நீளப் பிளேடு கிடையாது. சுருள்வாட்டத்தில் பதித்த சின்னச்சின்னச் சதுர கார்பைடு துண்டுகள். ஒரு பக்கம் மழுங்கினால் திருகைத் தளர்த்தி அடுத்த பக்கத்துக்குத் திருப்பினால் போதும், நாலு பக்கம் தாங்கும். தேக்குக்குள் மணல்போல ஒரு சத்து இருக்கிறது; சாதாரணப் பிளேடைச் சீக்கிரம் தின்றுவிடும். கார்பைடு அதற்கு அசைவதில்லை. கணுவைச் சுற்றி ரேகை புரண்டிருந்தாலும் பிய்க்காது. முக்கியமாக, சத்தம் குறைவு. பழையதோடு முப்பது வருஷம் வேலைசெய்தவர்களுக்கு ஏறக்குறைய எல்லோருக்குமே காது மந்தம். புதியது வந்தபிறகு பட்டறையில் ரேடியோ கேட்கிறது.

பிறகு ஏன் பழையதைக் கொடுக்கவில்லை? வேலை சார்ந்த காரணம் ஒன்று உண்டு, அது ஆணி.

எங்கள் பக்கத்து நகரத்தார் வீடுகள் பர்மா தேக்கில் எழுந்தவை. பங்காளிகள் பெருகி, பங்குகள் துண்டுபட்டு, வீடுகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டுக்கொண்டிருக்கின்றன. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வேலைப்பாடு உள்ளவை போகும். வேலைப்பாடில்லாத உத்தரமும் கைமரமும் கன அடிக் கணக்கில் எங்களைப்போன்ற பட்டறைகளுக்கு வரும். மியன்மார் 2014இல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியது. இப்போது தூத்துக்குடியில் வந்து இறங்குவது பெரும்பாலும் கானா, தான்சானியா பக்கத்துத் தோட்டத் தேக்கு. அதுவும் மரம்தான், ஆனால் நூறு வருஷம் ஓட்டுக்கடியில் காய்ந்த பர்மாத் தேக்கின் ஒரு கைமரத்தை அறுக்கும்போது வரும் எண்ணெய் வாசனை அதில் இல்லை. அந்தக் கைமரங்களுக்குள் ஆணி இருக்கும். கொல்லர் அடித்த சதுரத் தண்டு ஆணி, தலை உடைந்து உள்ளேயே தங்கியது, அதன்மேல் மக்கும் பெயிண்டும். காந்தத்தை வைத்து அங்குலம் அங்குலமாகத் தடவுகிறோம். என்ன தடவினாலும் ஒன்று தப்பிவிடும்.

அது புதியதன் கட்டரில் மாட்டினால் கார்பைடு வளையாது, மழுங்காது, சிதறும். அத்தனை கடினமான பொருளுக்கு அதுதான் குணம். பழைய எந்திரத்தில் அதே ஆணி பட்டால் 'டிக்' என்று ஒரு சத்தம், பிளேடில் ஒரு பொக்கை. அடுத்து இழைக்கிற மரத்தில் எல்லாம் அந்த இடத்தில் கம்பிபோல ஒரு வரி எழும்பி நிற்கும். அதற்காகப் பிளேடைக் கழற்றிச் சாணைக்கு அனுப்பவேண்டியதில்லை. இரண்டு பிளேடில் ஒன்றை மட்டும் அரை நூல் பக்கவாட்டில் நகர்த்திவிட்டால் போதும். ஒன்று விட்ட இடத்தை மற்றது சீவிவிடும். நூல் என்று நான் சொல்வது ஆசாரிக் கணக்கு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

ஆக, பழைய மரத்துக்குப் பழைய எந்திரம். சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது, கேட்கிறவர்களிடம் நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் பழைய மரம் மாதத்தில் நாலு நாளைக்கு வந்தால் அதிகம். நாலு நாள் வேலைக்காக ஓர் எந்திரம் இருபத்தாறு நாள் சுவரோரம் நிற்கிறது என்றால், என்னைப் பிடித்துவைத்திருப்பது வேறு எதுவோதான் என்று எனக்கே தெரியாமல் இல்லை.

1991இல் ஒரு நாள். எனக்குப் பன்னிரண்டு வயது, அரைப்பரீட்சை விடுமுறை. பெரியப்பா ஒரு பூவரசுத் துண்டை இழைத்துக்கொண்டிருந்தார். பத்தங்குலம்கூட இருக்காது, ஓரடிக்குக் குறைந்ததைக் கையால் தள்ளக்கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்லுகிறவரே அவர்தான். துண்டின் கடைசியில் ஒரு கணு. பிளேடு அதைக் கவ்வியது. துண்டு பின்பக்கமாக எகிறிப் பறந்து என் காலடியில் வந்து விழுந்தது. துண்டை அழுத்திக்கொண்டிருந்த கை, அழுத்திய வேகத்திலேயே, துண்டு இல்லாத இடத்தில் போய் இறங்கியது. எந்திரத்தின் சத்தம் மாறவே இல்லை. அதுதான் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. இடது கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனி போயிற்று.

ரொம்ப நாள் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு காலத்தில் இந்தக் கட்டர் சதுரமாக இருந்திருக்கிறது. சதுரத்தின் மூலைகள் சுற்றும்போது, தட்டையான பக்கத்துக்கும் டேபிள் விளிம்புக்கும் நடுவில் அகலமான சந்து விழும். விரல் மாட்டினால் கையையே உள்ளே இழுத்துக்கொள்ளும். பிரிட்டனில் 1922இல் வந்த மரவேலை எந்திர விதிகள், கையால் தள்ளி இழைக்கும் எந்திரத்தில் உருளைக் கட்டர்தான் இருக்கவேண்டும், கட்டருக்குமேல் பாலம்போல ஒரு காப்பு வேண்டும் என்றன. நம் தொழிற்சாலை விதிகளிலும் அதே வாசகம் வந்தது. பெரியப்பாவுக்கு நுனியோடு போனதற்கு உருளைதான் காரணம். பாலம் இருந்திருந்தால் நுனியும் போயிருக்காது. எங்கள் எந்திரம் எங்களிடம் வந்தபோதே அந்தக் காப்பு அதில் இல்லை. மாட்டுவதற்கான இரண்டு துளை மட்டும் இருந்தது. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், மின்சாரத்தில் வேலை நடக்கும் இடத்தில் பத்துப்பேர் இருந்தால்தான் அன்றைக்கு உள்ளே வந்தது. எங்கள் பட்டறையில் நாங்கள் நாலுபேர். எந்த ஆய்வாளரும் வரவில்லை, வரவேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. இந்தக் கணக்கு என்னை இன்றைக்கும் கோபப்படுத்துகிறது. நாலுபேர் பட்டறையில் விரல் மலிவா?

அதற்குப்பிறகு பெரியப்பாதான் எங்களுக்குக் காப்பு. புதிதாக ஆள் சேர்ந்தால் முதல் நாள் எந்திரத்தைத் தொடவிடமாட்டார். பக்கத்தில் நிறுத்திவைத்து இடது கையை விரித்துக் காட்டுவார். ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அது போதும். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லுவார். பின் டேபிளின் கடைசி கால் நூல் சரிந்திருக்கிறது, ஆகவே நீளப் பலகையைக் கடைசியில் அழுத்தாதே, கட்டரைத் தாண்டியவுடனே ஒரு சாண் தள்ளி அழுத்து. இல்லாவிட்டால் இரண்டு பலகையைச் சேர்த்தால் நடுவில் வெளிச்சம் வரும். வலதுபக்க பேரிங் சூடானால் ஒரு முனகல் கேட்கும், அப்போதே நிறுத்து. மழைக்காலத்தில் பெல்ட் வழுக்கும், வேகம் குறைவது கைக்குத் தெரியும், அந்த நேரத்தில் ஆழமாக எடுக்காதே. இதெல்லாம் எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. முப்பத்தைந்து வருஷமாகப் பெரியப்பாவிடமிருந்து எங்கள் நாலுபேர் கைக்கு வந்து, அங்கேயே நின்றிருக்கிறது.

இதுதான் என்னைப் பிடித்துவைத்திருப்பது என்று, கல்லல் பக்கத்திலிருந்து ஒரு பையன் எந்திரத்தைக் கேட்டு வந்தபோதுதான் விளங்கியது.

அவனுக்கு முன்னால் வேறு இரண்டு பேர் கேட்டார்கள். காயலான் கடைக்காரர் எடைக்கு எடுக்கத் தயார். அரண்மனைபோன்ற வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றிக்கொண்டிருந்தவர், வார்ப்பிரும்புக் கால்களை மட்டும் கழற்றிக் கொடுத்தால் சாப்பாட்டு மேசைக்குக் கண்ணாடி போட்டுக்கொள்வேன் என்றார். நல்ல விலையும் சொன்னார். இரண்டுபேருக்கும் இல்லை என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் ஆகவில்லை. வேலைசெய்யக்கூடிய ஒன்றை உடைக்க மனம் வராது என்பதற்குமேல் அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

பையனின் கேள்வி அப்படி இல்லை. இருபத்தைந்து வயது. பிளைவுட் வேலையில், மாடுலர் கிச்சனில் ஏழு வருஷம் இருந்தவன். சொந்தமாகப் பட்டறை போடுகிறான். "அண்ணே, புதுசு வாங்க எனக்குக் கட்டாதுண்ணே. சும்மாதான நிக்கிது. இருவத்தஞ்சு தாரேன், குடுங்கண்ணே." எந்திரத்தைச் சுற்றிவந்து, டேபிள்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினான். தடவிய கை கட்டரின் வாய்க்கு நேர்மேலே கொஞ்சமும் தயங்காமல் போயிற்று. மின்சாரம் இல்லைதான். இருந்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அன்றைக்கு "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்று அனுப்பிவிட்டுப் பெரியப்பாவிடம் போனேன். எண்பதை நெருங்குகிறார். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவர் விரலை வாங்கிய எந்திரம். போய்த் தொலையட்டும் என்பாரோ, வேண்டாம் என்பாரோ என்று இரண்டுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "குடுக்குறது பெருசில்லப்பா. அது எங்க சரியும்னு அவனுக்குச் சொன்னியா?" என்றார்.

விற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டால் என் கை சுத்தம் என்று ஒரு நிமிடம் தோன்றியது உண்மை. ஆனால் நான் கொடுக்காவிட்டால் அவன் சும்மா இருக்கப்போவதில்லை. மதுரையிலோ திருச்சியிலோ எவரோ கழித்துக்கட்டிய இன்னொரு எந்திரத்தை, அது எங்கே சரியும் என்று சொல்ல ஓர் ஆள்கூட இல்லாமல் வாங்கிவருவான். 1983இல் அப்பாவும் அப்படித்தானே வாங்கினார்? மூடிய பட்டறையில் சொல்ல யாரும் இருந்திருக்கவில்லை. அந்த எட்டு வருஷத்துக் கற்றுக்குட்டித்தனத்துக்கு விலைகொடுத்தவர் பெரியப்பா. எந்திரத்தை விற்கிறவன் இரும்பை மட்டும் கொடுத்துவிட்டு, அதன் குறைகளைத் தன்னிடமே வைத்துக்கொள்வது எனக்கு இப்போது ஒருவகைத் திருட்டாகவே படுகிறது. வாங்கியவன் காசு கொடுத்துவிட்டான். அவனுக்குச் சேரவேண்டியதில் பாதி என் கையில்தானே இருக்கிறது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. இந்த எந்திரம் வந்த வருஷம் எங்கள் பட்டறையில் இழைப்புளி பிடித்த இரண்டு ஆசாரிகளுக்கு வேலை போயிற்று. ஒருவர் திருப்பூர் போனார், இன்னொருவர் கொஞ்சநாள் வந்துபார்த்துவிட்டு நின்றுவிட்டார். அவர்கள் விட்டுப்போன இழைப்புளிகளை அப்பா விற்கவில்லை. நெஞ்சுயரப் பெட்டியில் இப்போதும் இருக்கின்றன. கதவின் கடைசி இழைப்புக்கு இன்றும் எடுக்கிறோம். ஆனால் அவற்றைப் பிடித்த கைகளை அப்பா வைத்துக்கொள்ளவில்லை. எதிர் ரேகை வந்தால் உளியை எந்த அளவுக்கு உள்ளே வாங்கவேண்டும் என்று அந்த இருவருக்கும் தெரிந்தது எங்கள் எவருக்கும் தெரியாது. பொருளைப் பத்திரமாக வைத்து, தெரிந்தவரைப் போகவிட்டோம். அதையே திரும்பவும் செய்ய எனக்கு விருப்பமில்லை.

அதனால் அவனிடம் இப்படிச் சொன்னேன். முதலில் பாலக் காப்பு செய்து மாட்டுவோம். பழைய துளை இருக்கிறது, நீயே கூட இருந்து செய். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை இங்கே வா. பிளேடு கட்டிப் பழகு. பெரியப்பா சரி என்று சொன்ன அன்றைக்கு எடைக்கு என்ன வருமோ அதைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போ. ஆணி மரம் வந்தால் நான் உன்னிடம் கொண்டுவருகிறேன், கூலி கொடுக்கிறேன். அவன் முகம் கொஞ்சம் வாடியது. வாரக்கணக்கில் ஞாயிறுகள் என்பது சொந்தமாகத் தொழில் தொடங்குகிறவனுக்குச் சின்ன விஷயமில்லை. ஆனாலும் வந்தான்.

போன ஞாயிறு மூன்றாவது வாரம். பெரியப்பாவை ஆட்டோவில் கூட்டிவந்து முக்காலியில் உட்காரவைத்திருந்தோம். பையன் மெயினை அணைத்தான். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பெரியப்பாவின் முதல் பாடம் அது. சாணை பிடித்துவந்த பிளேடை உருளையில் வைத்து நட்டுகளைப் பாதி இறுக்கினான். நேராக இழைத்த ஒரு ரீப்பர் துண்டைப் பின் டேபிளில் கிடத்தி, அதன் நுனி கட்டருக்குமேல் நீட்டிக்கொண்டிருக்க, டேபிள் விளிம்பு படும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டான். பிறகு புல்லியைப் பிடித்துக் கட்டரைக் கையால் மெதுவாகச் சுற்றினான். பிளேடு டேபிளைவிட மயிரளவு உயர்ந்திருக்கவேண்டும். அந்த உயரம் கண்ணுக்குத் தெரியாது. பிளேடு மேலே வரும்போது துண்டை அடியில் தொட்டு, கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுவிட்டு இறங்கும். எவ்வளவு இழுத்தது என்பதுதான் கணக்கு. கோடு விளிம்பிலிருந்து ஒரு நூல் நகர்ந்திருந்தால் சரி. இடது கோடியில், நடுவில், வலது கோடியில், மூன்று இடத்திலும் அதே ஒரு நூல்.

இடது கோடியில் ஒரு நூல் வந்தது. நடுவிலும் வந்தது. வலது கோடியில் துண்டு அசையவே இல்லை. பையன் பெரியப்பாவை நிமிர்ந்து பார்த்தான். அவர் எதுவும் சொல்லாமல் எந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் ஸ்பேனரை எடுத்து, வலதுபக்க நட்டைத் தளர்த்தி, பிளேடின் முதுகில் மரக்கட்டையால் லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு, துண்டை மறுபடி கிடத்தினான்.